வலப்பக்கத்து ஆசனம்

அத்தியாயம் பதினொன்று

பங்குனிக் கடைசி நாள் வந்தே விட்டது. மூன்று வருஷக் குத்தகை அன்றோடு முடிகிறது. பொழுது சாய்வதற்குள் ஜீப்பைக் கொண்டுபோய்ப் போடிநாயக்கனூரில் மொக்கச்சாமி ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கி வாசலில் நிறுத்தியாக வேண்டும். நிறுத்துவதற்கு ஜீப்பு என்று ஒன்று மிச்சமிருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஓடாது, அவ்வளவுதான்.

குரங்கணித் தவசியை வாராவாரம் படிக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சண்டை முடிந்து ஏலத்துக்கு வந்த பட்டாளத்து ஜீப்பு ஒன்றை மொக்கச்சாமியிடம் குத்தகைக்குப் பிடித்து, மலைக்கும் போடிக்குமாக மூட்டையும் ஆட்களும் ஏற்றி இறக்கிப் பிழைத்தவன் அவன். ஏழு மாதத்துக்கு முன்பு, ஆவணி மாத மூடுபனியில், போடிமெட்டு இறக்கத்தில் ஜீப்பு பாறையில் மோதியது. தவசி அந்த இடத்திலேயே போய்விட்டான். கூட இருந்த தம்பி பால்பாண்டி சிராய்ப்போடு தப்பித்தான்.

"அண்ணன் ஓட்டிக்கிட்டே கண்ணசந்துட்டாரு" என்று பால்பாண்டி சொன்னான்.

அதற்குப் போடி பஜார் காதும் மூக்கும் வைத்தது. கண்ணசந்தவன் ஒரே வாரத்தில் குடித்தவன் ஆகிவிட்டான். மதுவிலக்கு அமலில் இருக்கிற ஊரில் அவனுக்கு ஊற்றிக் கொடுத்தது யார் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. போன வாரம் தவசியின் ஐந்து வயது மகள் செல்லத்தாய் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். "குடிச்சிட்டு வண்டிய மோதுனவரு மக" என்று பிள்ளைகள் சொன்னார்களாம். அவள் தாய் வீரலட்சுமிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

குத்தகைப் பத்திரத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதை எழுதியவர் மொக்கச்சாமியின் கணக்கப்பிள்ளை. முப்பது வருஷமாக ஏலத்தோட்டத்துக் குத்தகை எழுதி எழுதித் தேய்ந்த கை. ஜீப்புக்கும் அதே மாதிரியில் எழுதிவிட்டார். வண்டி கிழக்கே பார்த்து நிற்பதாக வைத்துக்கொண்டு நான்கெல்லை போட்டார். முன்விளக்கு கிழக்கெல்லை, வலது மட்கார்டு தெற்கெல்லை என்று போகிறது பத்திரம். யானை மிதித்தாலும், காட்டுப்பன்றி தோண்டினாலும் குத்தகைதாரன் பொறுப்பில்லை என்றுகூட ஒரு வரி இருக்கிறது. பன்றி எங்கே போய் ஜீப்பைத் தோண்டப்போகிறது என்று தவசி அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தான்.

சிரிக்க முடியாத வரிகள் இரண்டு இருந்தன. தவசி ஓட்டும்போது சேதம் வந்தால் இருவரும் பாதிப் பாதி ஏற்றுக்கொள்ள வேண்டும். தவசி தவிர வேறு யார் ஓட்டினாலும் அது உள்குத்தகை விட்டதாகும். சேதம் முழுவதும் தவசியைச் சேரும், ஈடாக எழுதிக் கொடுத்த ஒன்றே கால் ஏக்கர் ஏலத்தோட்டமும் மொக்கச்சாமிக்குப் போய்விடும். அந்தக் குடும்பத்துக்கு அந்தத் தோட்டத்தை விட்டால் வேறு நாதியில்லை.

காலையில் வீரலட்சுமி வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது மாமியார் சுருளியம்மாள் வெளியே வந்தாள். அவள் காதுகள் வெறுமையாகத் தொங்கின. நாற்பது வருஷமாக அந்தக் காதில் ஆடிய தண்டட்டியை முந்தாநாள் போடியில் விற்றுவிட்டு வந்திருந்தாள். சேதத்தில் பாதிக்கு அது சரியாக இருக்கும் என்று கணக்கு.

"நீ வர வேணாம் லச்சுமி. பிள்ளையப் பாத்துக்கிட்டு வீட்டுல இரு. கைநாட்டு நான் வச்சுக்கிறேன்."

"முதலாளி என்னையத்தான் வரச் சொல்லி ஆள் விட்டிருக்காரு அத்தை. வாரிசு நாந்தானாம்."

"அந்த வண்டிய நீ பாக்கக் கூடாதுத்தா. வருஷம் திரும்பல."

ஏழு மாதமாக இதே பேச்சுத்தான். ஊர்க் கோடியில் காப்பிக்கொட்டை காயப்போடும் களத்தில் ஒரு கொட்டகை இருக்கிறது. ஜீப்பை அதற்குள் தள்ளிப் பாயைப் போட்டு மூடியதும் சுருளியம்மாள்தான். மருமகளை அந்தப் பக்கம் விடாததும் அவள்தான். வீரலட்சுமியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புருஷன் உயிரைக் குடித்த இரும்பைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டாள்.

"செல்லத்தாய பக்கத்து வீட்டுல விட்டுட்டு வர்றேன். வெரசாக் கெளம்புங்க" என்று மட்டும் சொன்னாள்.

கொட்டகையில் வண்டிக்காரக் கன்னையன் மாடுகளோடு தயாராக நின்றான். ஜீப்பின் முன்னால் வடக்கயிறு கட்டி இழுத்துப் போவதாக ஏற்பாடு. பால்பாண்டி பாய்களை உருவிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயசுப் பையன், ஏழு மாதத்தில் கன்னம் ஒட்டிப் பெரிய ஆள் மாதிரி ஆகியிருந்தான்.

"யாராச்சும் ஏறி ஸ்டியரிங்கப் பிடிக்கணும்ப்பா. இல்லாட்டி வண்டி கண்ட பக்கம் திரும்பும். பாண்டி, நீ ஏறு" என்றான் கன்னையன்.

"நான் மாட்டேன் மாமா."

"நீ ஏறாம வேற யாரு ஏற?"

"நான் அதைத் தொட மாட்டேன். நடந்தே வர்றேன்."

அவன் குரலில் இருந்த நடுக்கத்தைக் கேட்டு வீரலட்சுமிக்கு மனம் இளகியது. அண்ணனைக் கண்ணெதிரே பறிகொடுத்தவனாயிற்றே, பாவம். "நான் பிடிக்கிறேன் அண்ணே. நேராப் பிடிக்கத் தெரியும். அவரு சொல்லிக் குடுத்திருக்காரு" என்று சொல்லிக்கொண்டே ஜீப்பை நோக்கிப் போனாள்.

அவள் கால் தானாக வலப்பக்கம் போனது.

அது அவள் இடம். போடிச் சந்தைக்கும் வீரபாண்டித் திருவிழாவுக்கும் அங்கே உட்கார்ந்துதான் போவாள். பஸ்சிலும் லாரியிலும் டிரைவர் வலப்பக்கம் இருப்பார். இந்த ஜீப்பு அமெரிக்காக்காரன் தன் பட்டாளத்துக்குச் செய்த வண்டி, ஸ்டியரிங்கு இடப்பக்கம். இடப்பக்கம் தவசி, வலப்பக்கம் அவள். ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் அவள் மடியிலிருந்து வேர்க்கடலை எடுத்துத் தின்பான்.

வலப்பக்கத்தில் ஏறுவதற்கு இடமே இல்லை. மட்கார்டு கசங்கி உள்ளே வந்திருந்தது. கண்ணாடிச் சட்டம் வளைந்து தொங்கியது. ஆசனத்தின் இரும்பு இரண்டாக மடங்கி முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

அவள் இடப்பக்கம் பார்த்தாள். அங்கே ஒரு கீறல் இல்லை. அவள் பழைய சேலையைக் கிழித்துத் தைத்துக் கொடுத்த மெத்தை உறைகூட அப்படியே இருந்தது. ஸ்டியரிங்கு வட்டம் குலையாமல் நின்றது.

வீரலட்சுமி அசையாமல் நின்றாள். தவசியைக் குளிப்பாட்டியபோது அவள் கையாலேயே தண்ணீர் ஊற்றினாள். வலது விலா, வலது தோள், வலது நெற்றி. இடது பக்கத்தில் ஒரு காயமும் இல்லை. பஜாரில் இருக்கிறவர்கள் பஸ்சையும் லாரியையும் பார்த்துப் பழகியவர்கள். வலப்பக்கம் நசுங்கியிருந்தால் டிரைவர் பக்கம் நசுங்கியது என்றுதான் நினைப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து போன அவள் அப்படி நினைக்க முடியுமா?

அவள் நிமிர்ந்தபோது பால்பாண்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். உடனே குனிந்துகொண்டான்.

அவள் சுற்றி வந்து இடப்பக்கம் ஏறினாள். சுருளியம்மாள் பின்னால் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்தாள். மாடுகள் இழுத்தன. ஜீப்பு கிரீச்சிட்டுக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வந்தது.

முந்தல் வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கன்னையன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனான். பால்பாண்டி சாலையோரம் புளியமரத்தடியில் நின்றான். வீரலட்சுமி இறங்கி நேரே அவனிடம் போனாள்.

"பாண்டி, ஒங்கண்ணன் அன்னைக்கு எந்தப் பக்கம் உக்காந்திருந்தாரு?"

அவன் காலால் மண்ணைக் கீறினான்.

"கேக்குறேன்ல."

"வலப்பக்கம்."

சொல்லிவிட்டு அவன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு நாளாக் காய்ச்சல் மதினி அவருக்கு. ஏலத்துக்கு லோடு வந்து சேரலைன்னு கீழ இருந்து ஆள் மேல ஆளா வந்துக்கிட்டிருந்தாங்க. கை நடுங்குதுடா, நீ பிடின்னாரு. நான் இறக்கத்துல ஓட்டுனதே இல்ல. மாட்டேன்னேன். நான் பக்கத்துல இருக்கேன்ல, மெதுவாப் போன்னாரு. ரெண்டு வளைவு மட்டும் சொல்லிக் குடுத்துக்கிட்டே வந்தாரு. அப்புறம் கம்பளியப் போத்திக்கிட்டுத் தூங்கிட்டாரு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"எதிர்ல ஒரு லாரி வெளிச்சம் கண்ணுல அடிச்சிருச்சு. ஒடிச்சேன். பாறை. அவ்வளவுதான் மதினி. அவரு தூங்குனது நெசந்தான். எம்மேல நம்பிக்கை வச்சுத் தூங்குனாரு."

வீரலட்சுமிக்கு அழுகை வரவில்லை.

"அத்தைக்குத் தெரியுமா?"

பதில் பின்னாலிருந்து வந்தது.

"தெரியும். அன்னைக்கு ராத்திரியே தெரியும். ஓட்டுனது பெரியவன்னு சொல்லச் சொன்னதும் நாந்தான்."

சுருளியம்மாள் ஜீப்பை விட்டு இறங்கி வந்து நின்றாள். மறைக்க வேண்டியது முடிந்துவிட்டது என்பதுபோல் முகம் வெறிச்சென்றிருந்தது.

"போனவனுக்கு இனி ஒண்ணும் ஆகாது லச்சுமி. இருக்கிறவன ஜெயிலுக்கு அனுப்பச் சொல்றியா? தோட்டமும் போச்சுன்னா நீயும் ஒம் பிள்ளையும் யாரு வாசல்ல போய் நிப்பீக? ரெண்டுல ஒண்ணையாச்சும் காப்பாத்தணும்ல நான்?"

சுருளியம்மாளைத் திட்டி எழுதுகிற வாசகர்கள் இந்த வாரம் இரண்டு பங்கு திட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். திட்டுங்கள். அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

"ஏழு மாசமா எம் பக்கத்துலதான படுத்தீக அத்தை. நான் அழுகையில முதுகத் தடவிக் குடுத்தீகளே. அப்பக்கூட எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

"தோணுச்சு. தடவிக் குடுக்கத்தான் முடிஞ்சது."

"எம் பிள்ளையக் குடிகாரன் மகள்ங்கிறாங்க. அதையும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தீக?"

சுருளியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கன்னையன் மாடுகளோடு திரும்பி வருவது தெரிந்தது. வீரலட்சுமி போய் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

முந்தலிலிருந்து போடி வரைக்கும் வீரலட்சுமி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தபடி வந்தாள். மாமியாரை மன்னிக்க அவளால் முடியவில்லை. கொழுந்தனை அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் தோட்டத்தை நினைத்தால் கோபம் நிற்க மாட்டேன் என்கிறது. அந்த ஒன்றே கால் ஏக்கரில் தவசி தன் கையால் நட்ட செடிகள் இந்த வருஷம்தான் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன. உண்மையைச் சொன்னால் செல்லத்தாய்க்கு அப்பன் பெயர் மிஞ்சும், அடுப்பு அணைந்துவிடும். பொய்யைச் சொன்னால் அடுப்பு எரியும்.

கிட்டங்கி கண்ணில் பட்டபோது பொய் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். அவளுக்குத் தன் மீதே அருவருப்பாக இருந்தது.

மொக்கச்சாமி கறாரான மனிதர். கெட்டவர் என்று எழுத என் பேனாவுக்கு மனம் வரவில்லை. தவசி இறந்த அன்று கடையை அடைத்துவிட்டுக் குரங்கணிக்கு நடந்தே வந்தவர். ஆனாலும் பத்திரம் பத்திரம்தான் அவருக்கு. கிட்டங்கி முற்றத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கணக்கப்பிள்ளை மூக்குக்கண்ணாடியும் பேனாவுமாக. மூட்டை தைக்கிற ஆட்களும், காய் விற்க வந்த நாலைந்து பேரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

பட்டறைக்கார ஜக்கையன் ஜீப்பைச் சுற்றி வந்து தட்டித் தட்டிச் சொன்னான். கணக்கப்பிள்ளை எழுதினார்.

"கிழக்கெல்லை?"

"வலது விளக்கு உடைஞ்சிருக்கு. இன்ஜின் ஆட்டம் கண்டிருச்சு."

"தெற்கெல்லை?"

"மட்கார்டு போச்சு. கண்ணாடிச் சட்டம் போச்சு. சீட்டு…" ஜக்கையன் நிறுத்திவிட்டு வீரலட்சுமியைப் பார்த்தான். "சீட்டும் போச்சு."

"வடக்கெல்லை?"

"பழுதில்ல."

மேற்கே ஒரு கம்பி வளைந்ததோடு சரி. எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய் ஆகும் என்றான் ஜக்கையன். பாதி முந்நூறு. சுருளியம்மாள் முந்தி முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"பொறு ஆத்தா" என்றார் மொக்கச்சாமி.

அவர் எழுந்து போய் ஜீப்பின் இரண்டு ஆசனங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அது அவருடைய வண்டி. எந்தப் பக்கம் உட்கார்ந்து ஓட்டுவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திரும்பி வந்து வீரலட்சுமிக்கு எதிரில் நின்றார்.

"தாயி, இந்தப் பையன்கிட்டக் கேக்க மாட்டேன். ஒங்க அத்தைகிட்டயும் கேக்க மாட்டேன். நீ தவசி பொஞ்சாதி. நீ சொல்றத அப்படியே எழுதிக்கிறேன். அன்னைக்கு ஓட்டுனது யாரு?"

வீரலட்சுமி பால்பாண்டியைப் பார்த்தாள். அவனுக்கு ஒரு அவகாசம் கொடுத்துத்தான் பார்த்தாள். நான்தான் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தோட்டம் போனாலும் போகட்டும் என்று அந்த ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. அவன் மாட்டின் குளம்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எங்க வீட்டுக்காரருதான்" என்றாள்.

"அப்ப அடி வலப்பக்கம் எப்படி?"

"தூக்கி எறிஞ்சிருக்கும்."

"எதனால மோதுச்சு?"

"தூங்கிட்டாரு."

"ஊருல வேற மாதிரி பேசிக்கிறாங்களே."

"குடிக்க மாட்டாரு முதலாளி. அத எழுதாதீக. தூங்கிட்டாரு."

மொக்கச்சாமி நம்பினாரா இல்லையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. "எழுதுங்க" என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

எழுதியதை எல்லாரும் கேட்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவது அங்கே வழக்கம். படிக்காத சனங்கள் பின்னால் வந்து எனக்குத் தெரியாது என்று சொல்லக்கூடாது அல்லவா? கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். கோயில் மண்டபத்தில் வாசிக்கிற குரல் அவருக்கு.

"குரங்கணி கிராமம் காலஞ்சென்ற தவசி என்பவர், மேற்படி வண்டியைத் தானே ஓட்டி வருங்கால், தன் அசட்டையினால் உறங்கிப்போய், மேற்படி வண்டியைப் பாறையில் மோதிச் சேதப்படுத்தியும், தன் உயிருக்குத் தானே கேடு தேடிக்கொண்டும்…"

"நிறுத்துங்க சாமி" என்றாள் சுருளியம்மாள். "அசட்டைன்னா என்ன?"

கணக்கப்பிள்ளை கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "கவனமில்லாம, பொறுப்பில்லாம."

"எம் மகனையா?"

"பத்திரத்துல அப்படித்தான் எழுதணும் ஆத்தா. வேற வார்த்தை கிடையாது."

"அப்புறம் என்னமோ சொன்னீகளே. அவனே தேடிக்கிட்டான்னு."

"தன் உயிருக்குத் தானே கேடு தேடிக்கொண்டும்."

சுருளியம்மாள் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். மூட்டை தைக்கிறவன் ஊசியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். காய் விற்க வந்த ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ முணுமுணுத்தான். வீரலட்சுமி பேனாவுக்காகக் கையை நீட்டியிருந்தாள்.

"கொடுங்க, போட்டுர்றேன்" என்றாள்.

"போடாதடி!"

அந்தக் கிழவிக்கு அவ்வளவு குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மாடுகள்கூட மிரண்டன.

"எம் மூத்தவன் ஓட்டல. ஒடம்பு நெருப்பாக் கொதிக்க, ஓரமா உக்காந்து வந்தான். எட்டு வயசுல அப்பனப் பறிகொடுத்து, அன்னையில இருந்து சுமந்தான். தம்பியச் சுமந்தான், என்னையச் சுமந்தான். அவனாய்யா பொறுப்பில்லாதவன்? செத்தவனுக்கு என்ன ஆகும்னு நாந்தான் அவன் தலையில தூக்கி வச்சேன். ஒங்க வாயால வாசிக்கக் கேக்க முடியலய்யா என்னால."



மொக்கச்சாமி மெதுவாகக் கேட்டார். "அப்ப யாரு ஓட்டுனது ஆத்தா? பேரைச் சொல்லணும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"சின்னவன். பால்பாண்டி."

"தோட்டம் போயிரும். தெரியுமில்ல?"

"தெரியும்."

கணக்கப்பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முதலாளியையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "வாரிசு வேற மாதிரி சொல்லியிருக்கே. இந்த வரியை அடிக்கிறதா, வேணாமா?" என்று வீரலட்சுமியிடம் கேட்டார்.

தவசி கையால் நட்ட செடிகள் அவள் கண்ணில் நின்றன. அவள் தலையை நிமிர்த்தினாள்.

"அடிச்சிருங்க. நான் சொன்னது பொய்."

பேனா தாளின் மேல் ஓடியது. அசட்டை என்ற வார்த்தையும், தேடிக்கொண்ட கேடும் மைக்கு அடியில் போயின. சுருளியம்மாள் தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மகன் செத்த அன்று அழாத அழுகை அது. அன்றைக்கு அவளுக்கு வேறு வேலை இருந்தது, பொய்யைக் காக்க வேண்டியிருந்தது. இப்போதுதான் "எஞ்சாமி, எந்தவசி" என்று பெயர் சொல்லி அழைத்தாள். வீரலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து அந்த வெறுங்காதோடு சேர்த்து மாமியாரின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கோபத்தோடுதான் அணைத்துக்கொண்டாள்.

மொக்கச்சாமி பத்திரத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "நாளைக்கு வருஷப் பிறப்பு. நாளை மறுநாள் மூணு பேரும் வாங்க. தோட்டத்தைப் பத்தி அன்னைக்குப் பேசுவோம். இன்னைக்கு எனக்கும் பேச முடியல" என்றார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். "அந்தப் பையன் எங்க?"

பால்பாண்டி நின்ற இடத்தில் இல்லை. ஜீப்பின் அந்தப் பக்கமும் இல்லை. கிட்டங்கிக்குள் தேடினார்கள், அங்கும் காணோம்.

கன்னையன் வாசலிலிருந்து ஓடி வந்தான். "ஆத்தா பேரைச் சொன்னதுமே வெளிய போனான். தண்ணி குடிக்கப் போறான்னு நெனச்சேன். போடிமெட்டுக்குப் போற பஸ்சு இப்பத்தான் கெளம்புச்சு. அதுல ஏறுனானான்னு நான் பாக்கல."

"அந்தப் பாறை இருக்கிற மெட்டுக்கா?" என்றாள் வீரலட்சுமி.

சுருளியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டாள். நிமிர்ந்து மருமகளின் கையைப் பிடித்தாள். அந்தப் பிடி இரும்பாக இருந்தது.

"லச்சுமி, இப்பத்தானடி அவன் பேரைச் சொன்னேன்."

வீரலட்சுமி காலையிலிருந்து அறைய நினைத்த கொழுந்தனைத் தேடி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முந்தல் சாலையில் வெயிலோடு ஓடினாள். "பாண்டி! நில்லு பாண்டி!" என்று அவள் கத்தியது கடைத்தெருக் கடைசி வரைக்கும் கேட்டது. தூரத்தில் பஸ்சு கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை. அதற்குள் யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை.